செத்தவனைக் கொலைகாரன் ஆக்கிய கத்தரிக்கோல்

'அவன் மொத்த கிளாஸையும் போட்டுத்தள்ளிட்டாண்டா, அதான் எல்லாப் பிள்ளைங்க மேலயும் ரத்தம்.' 'இல்லடா, டீச்சரை மட்டுந்தான்.' 'ஆப்பிளைத் தூக்கிப் போட்டான்ல, அதுதான் சாடை.' பெர்ல் ஜாம் என்கிற அமெரிக்க ராக் குழுவின் 'ஜெரமி' பாட்டு வீடியோவைப் பற்றி அதன் ரசிகர்கள் நடத்தும் பட்டிமன்றம் இப்படித்தான் போகும். வீடியோ வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பட்டிமன்றம் முடியவில்லை. நானும் அந்தக் குழுவின் பாட்டுகளைக் கேட்கிறவன்தான். இந்தப் பேச்சு நடக்கிற இடங்களில் உட்கார்ந்தும் இருக்கிறேன்.

தலையுமில்லை, வாலுமில்லை இந்தப் பேச்சில். அந்தப் பையன் யாரையும் சுடவில்லை. தன்னைத்தான் சுட்டுக்கொண்டான். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் தெறித்திருப்பது அவனுடைய ரத்தம். சொன்னால் நம்ப மாட்டேனென்கிறார்கள். 'நான் கண்ணால பாத்தேன்யா' என்று அடித்துப் பேசுகிறார்கள். பாத்தாங்கதான். எதைப் பார்க்க விட்டார்களோ அதைப் பார்த்தார்கள்.

1992இல் மார்க் பெலிங்டன் இயக்கிய வீடியோ அது. ட்ரெவர் வில்சன் என்கிற சின்னப் பையன் ஜெரமியாக நடித்தான். படம் முழுக்க அவன் ஒருத்தன்தான் அசைகிறான். அவனைப் பார்த்துக் கைநீட்டிச் சிரிக்கிற வகுப்புப் பிள்ளைகள், வீட்டில் சண்டை பிடிக்கிற அப்பன் ஆத்தா, எல்லாரும் பொம்மை மாதிரி உறைந்து நிற்கிறார்கள். அவன் கத்துகிறான், ஓடுகிறான், கொடியைப் போர்த்திக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நிற்கிறான். ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் வகுப்புக்குள் வருகிறான், ஆசிரியருக்கு ஓர் ஆப்பிளை எறிகிறான், சட்டென்று ஒரு வெளிச்சம். அடுத்த காட்சியில் ரத்தம் தெறித்த முகங்களோடு கைகளை உயர்த்தியபடி பிள்ளைகள் உறைந்திருக்கிறார்கள்.

அந்த வெளிச்சத்துக்கு முன்னால் இயக்குநர் எடுத்த காட்சியில் பையன் துப்பாக்கியைத் தன் வாய்க்குள் வைக்கிறான். எம்.டி.வி. அதைக் காட்டக்கூடாது என்றது. படத்தைப் பெரிதாக்கி, முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, துப்பாக்கியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். சில நொடி வேலைதான். இதில் கவனிக்க வேண்டியது, ரத்தத்தை வெட்டவில்லை. பயந்த முகங்களை வெட்டவில்லை. துப்பாக்கி யார் பக்கம் திரும்பியது என்பதை மட்டும் வெட்டினார்கள். அதிர்ச்சியில் உயர்ந்த கைகள், 'என்னைச் சுடாதே' என்று கும்பிடுகிற கைகளாக மாறிப்போயின. வதைபட்டவன் வதைத்தவனானான். அவனை வதைத்த வகுப்பு அப்பாவிக் கூட்டமாகிவிட்டது. மக்கள் இப்படிப் புரிந்துகொண்டதில் தனக்கு வருத்தம்தான் என்று இயக்குநரே பிறகு பலமுறை சொல்லிவிட்டார். யார் காதில் விழுந்தது?

'சின்னப் பிள்ளைங்க பாக்குற சேனல், அதுல போய் தற்கொலையக் காட்டலாமா?' என்று நியாயம் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தற்கொலையைக் காட்டும் முறையில் கவனம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. காட்டாமலே விட்டிருக்கலாம், கதவோடு நிறுத்தியிருக்கலாம், ஆயிரம் வழி இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தற்கொலையைக் காட்டக்கூடாதென்று சொல்லி ஒரு படுகொலையைக் காட்டியிருக்கிறார்களே, இது எந்த ஊர் ஒழுக்கம்? ஒழுக்கத்தின் கத்தரிக்கோல் எப்போதும் செத்தவன் பக்கத்துத் துணியைத்தான் வெட்டும்.

பாட்டுக்குப் பின்னால் ஓர் உண்மைச் சாவு இருக்கிறது. 1991 ஜனவரி 8. டெக்சாஸ் மாநிலத்தில் டல்லஸ் நகரத்தை ஒட்டிய ரிச்சர்ட்சன் உயர்நிலைப்பள்ளி. 15 வயதுப் பையன். ஆங்கில வகுப்புக்குத் தாமதமாக வந்தான். ஆபீசுக்குப் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வா என்று ஆசிரியர் அனுப்பினார். திரும்பி வந்தவன் கையில் சீட்டு இல்லை, துப்பாக்கி இருந்தது. சுமார் முப்பது பேருக்கு முன்னால் உயிரை விட்டான். வேறு எவர் மேலும் ஒரு கீறல் இல்லை. செய்தித்தாளில் சின்னதாக வந்தது. அந்தத் துணுக்கைப் படித்துத்தான் பாடகர் எடி வெட்டர் பாட்டை எழுதினார். ஜெஃப் அமென்ட் இசை போட்டார். தன் பள்ளிக்காலத்தில் வகுப்பறையில் துப்பாக்கியை எடுத்த இன்னொரு பையனின் நினைவும் அதில் கலந்திருப்பதாக வெட்டர் சொல்லியிருக்கிறார். செத்துப் பழிவாங்கலாமென்று நினைத்தால் கடைசியில் மிஞ்சுவது பேப்பரில் ஒரு பத்திதான், உலகம் அப்படியே போகும், வாழ்ந்து காட்டுவதே பழி என்பது அவருடைய கட்சி.

ரசிகர்கள் ஆப்பிளை ஆராய்கிறார்கள். திரையில் மின்னி மறைகிற சொற்களை நிறுத்தி நிறுத்திப் படிக்கிறார்கள். பைபிளின் ஆதியாகமம் மூணாம் அதிகாரம் வருகிறதே, அப்போ பாம்பு யார், ஏவாள் யார்? இந்த மூளை எல்லாம் எங்கே செலவாகிறது பாருங்கள். பாட்டைப் பாடுகிறவன் யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. அவன் ஜெரமி இல்லை. ஜெரமியின் சிநேகிதனும் இல்லை. அவனைச் சீண்டி விளையாடியவர்களில் ஒருத்தன். இவன் ஒண்ணும் செய்யமாட்டான் என்று நினைத்து வம்பிழுத்ததை, பதிலுக்குத் தாடையில் ஓர் அடி வாங்கியதை, அவனே தன் வாயால் சொல்கிறான். குற்றவாளியின் வாக்குமூலம் அது. அரங்கம் நிறைய ஆயிரக்கணக்கான பேர் அந்த வாக்குமூலத்தை ஒரே குரலில் சேர்ந்து பாடுகிறார்கள். பாடிக்கொண்டே தங்களை ஜெரமி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்லாரும் ஜெரமி என்றால் சீண்டியவன் எவன்? சிரித்தவன் எவன்?

கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைக்கப்படுகிறவனைப் பற்றி இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அமெரிக்க வகுப்பறைக்கே வருகிறேன்.

'பாட்டிலேயே அவன் வரையுற படத்துல கீழ பொணமாக் கெடக்குதே, அது சாட்சி இல்லையா?' என்று ஒரு நண்பர் மடக்கினார். ஆமாம், மலையுச்சியில் தான் நிற்பதாகவும் கீழே பிணங்கள் கிடப்பதாகவும் பையன் வரைகிறான். அடிபடுகிற பிள்ளை காகிதத்தில் ராஜா ஆகிறது. அதையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்துவிடுகிறீர்களே! அவனை அடித்தவர்கள் வரைந்த படம் எதையாவது நீதிமன்றத்தில் வைத்திருக்கிறீர்களா?

வீடியோவில் இன்னொரு காட்சி. பிள்ளைகள் எழுந்து நின்று கையை நேரே நீட்டிக் கொடிக்கு உறுதிமொழி சொல்கிறார்கள். பார்க்க ஹிட்லர் சல்யூட். 'ஓவரா இல்ல?' என்பார்கள் ரசிகர்கள். வரலாறு தெரிந்தால் ஓவர் என்று தோன்றாது. 1942 வரை அமெரிக்கப் பள்ளிகளில் இப்படிக் கையை நீட்டித்தான் கொடிக்கு வணக்கம் செய்தார்கள். நாஜி வணக்கம் மாதிரியே இருக்கிறதென்று சங்கடப்பட்டு அந்த வருஷக் கடைசியில்தான் நெஞ்சில் கை வைக்கும்படி நாடாளுமன்றம் மாற்றியது. கை இறங்கியது. வரிசை அப்படியே நின்றது. எல்லாரும் ஒரே மாதிரி நிற்கிற வரிசையில் ஒருத்தன் மட்டும் வேறு மாதிரி நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் வீடியோ மிச்ச நேரம் முழுக்கக் காட்டுகிறது. அதைப் பேசு என்றால் ஆப்பிளுக்கு ஓடுகிறார்கள்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. 1993இல் அதே எம்.டி.வி. இந்த வீடியோவுக்கு நாலு பரிசு கொடுத்தது. அந்த வருஷத்தின் சிறந்த வீடியோ என்பதும் அதில் அடக்கம். வெட்டியவனே மாலையும் போட்டான். நடித்த பையனை வெட்டர் மேடைக்குக் கூட்டிவந்தார். இசை இல்லையென்றால் தானும் வகுப்பறையின் முன்னால் அப்படித்தான் போயிருப்பேன் என்ற பொருளில் பேசினார். வெட்டியதைப் பற்றி அங்கே பேச்சு எழவில்லை. 'டென்' என்கிற அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 30 லட்சம் பிரதிக்கு மேல் போனது. குழு 1998 வரை வேறு வீடியோவே எடுக்கவில்லை. 1996இல் வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக்கில் 14 வயது மாணவன் ஒருவன் ஓர் ஆசிரியையையும் இரண்டு மாணவர்களையும் சுட்டுக் கொன்றபோது, வழக்கு விசாரணையில் 'ஜெரமி' வீடியோவும் இழுக்கப்பட்டது. 1999இல் கொலம்பைன் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு தொலைக்காட்சிகள் அதைக் காட்டுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டன. யாரையும் தொடாமல் செத்த பையன், பள்ளிக்கூடக் கொலைகாரர்களின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டான்.

குழுவை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அவர்களும் ஒரு சாவிலிருந்து பேரை எடுத்துக்கொண்டவர்கள்தான். நிஜப் பேரை. நிஜ வகுப்பறையில் அன்று உட்கார்ந்திருந்த ஒரு பெண், இந்தப் பாட்டின் மேல் தனக்குக் கோபம் என்று பின்னாளில் சொன்னார். நீங்கள் அங்கே இல்லை, உங்களுக்குத் தெரியாது, நடந்தது அப்படியில்லை என்பது அவர் பேச்சு. பையனின் தாய் 2018இல் டல்லஸ் தொலைக்காட்சி ஒன்றில் முதல் தடவையாக வாய் திறந்தார். செத்த அந்த ஒரு நாளை வைத்து என் மகனை அளக்காதீர்கள், அவன் ஒரு மகன், ஒரு சகோதரன், ஒரு சிநேகிதன் என்றார். 27 வருஷம் கழித்து ஒரு தாய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரசிகக் கூட்டத்தில் இதைச் சொன்னால், 'அது பர்சனல்' என்று கை கழுவிவிட்டு மறுபடியும் திரைச் சொற்களுக்குப் போய்விடுகிறார்கள்.

2020 ஜூன் 5 அன்று வெட்டாத வீடியோவைக் குழு வெளியிட்டது. 28 வருஷம். வாயில் துப்பாக்கி தெரிகிறது, சந்தேகத்துக்கு இடமில்லை. சரி, பையனுக்கு அவன் சாவு திரும்பக் கிடைத்துவிட்டது. அதை வெளியிட அவர்கள் பொறுக்கி எடுத்த நாள், துப்பாக்கி வன்முறை விழிப்புணர்வு நாள். துப்பாக்கியைப் பற்றிப் பேசட்டும், அந்த நாட்டில் கட்டாயம் பேச வேண்டியதுதான். பதினைந்து வயசுப் பையன் கைக்கு அது எப்படி வந்தது என்று கேட்கட்டும். ஆனால் வகுப்பறை இந்தத் தடவையும் நைசாக நழுவிவிட்டது. பாட்டை இன்னொரு முறை கேளுங்கள். முதலிலிருந்து கடைசிவரை அதில் துப்பாக்கி என்கிற சொல்லே கிடையாது. சீண்டினோம் என்பது இருக்கிறது.