மச்சத்துக்குப் பலன் பார்ப்பவர்களே, மச்சத்தையும் பாருங்கள்!

உதட்டில் மச்சம் இருந்தால் பேச்சு சாமர்த்தியம், உள்ளங்காலில் இருந்தால் வெளிநாட்டுப் பயணம்... இப்படி மச்ச பலன் சொல்லத் தெரியாத ஆள் நம்ம ராயபுரத்தில் உண்டா? ஆனால் அதே மச்சம் ஆறு மாதமாகப் பெரிதாகிக்கொண்டே போனால், "வலிக்கலையே, விடு" என்று போய்விடுகிறார்கள். வலி வரும்வரை அது காத்திருக்காது என்பதுதான் பிரச்சினையே!

மச்சத்தைப் போலவே தொடங்கும் தோல் புற்றுநோய்க்குப் பெயர் மெலனோமா. "அது வெள்ளைக்காரன் வியாதி" என்பது பாதி உண்மை. நம் தோலுக்கு அது அபூர்வம்தான். ஆனால் வந்தால், பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று யாரும் பார்க்காத இடத்தில் வரும். பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள். முதலில் ஃபுட்பால் ஆடியதில் பட்ட அடி என்று நினைத்திருந்தார். விரலை எடுக்க மறுத்தார். 1981-ல் இறந்தபோது வயது 36.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவருக்கும், எண்ணூரில் லோடு இறக்குபவருக்கும் நகம் கறுப்பது சகஜம். அடிபட்ட கறுப்பு, நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். நகராமல் நின்றாலோ, கோடாக அகலமானாலோ, பக்கத்துத் தோலுக்குப் பரவினாலோ டாக்டரிடம் போக வேண்டும். கால் ஆணி என்று நினைத்து பிளாஸ்டர் ஒட்டியும் ஆறாத கறுப்புப் புண்ணுக்கும் இதே விதிதான்.

மற்ற மச்சங்களுக்குக் கணக்கு சுலபம்: இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லை, ஓரம் கோணல்மாணல், ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். எல்லாவற்றையும் விட முக்கியம், மாற்றம். வளர்வது, நிறம் மாறுவது, ரத்தம் கசிவது. இதில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது. பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டுமே!

இதைவிடக் கொடுமை, சுண்ணாம்பு வைத்துப் பொசுக்குவதும், குதிரை முடி கட்டி அறுப்பதும், பார்லரில் சுட்டு எடுப்பதும். மேலே தெரிவது போய்விடும், அடியில் இருப்பது இருக்கும். பரிசோதிக்க வேண்டிய சதையே சாம்பலான பிறகு லேப் எதைப் பார்க்கும்? பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆடிட்டரைக் கூப்பிட்ட கதைதான்!

"ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு" என்பார்கள். உண்மைதான், தினக்கூலிக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. ஆனால் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரி. மெலனோமா 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். தள்ளிப்போட்டால்? கந்துவட்டி இந்த ஏரியாவுக்குப் புதிதா என்ன!

இன்று ராத்திரி கால் கழுவும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். அப்பா, அம்மா காலையும்தான். யோகம் இருக்கிறதா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.