மேலவையில் மாட்டிய மசோதா

தமிழகத்தில் 1986-லேயே மேலவை போய்விட்டது. அதனால் ஒரு மசோதா இரண்டு அவைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வதை எங்கள் தலைமுறை பார்த்ததில்லை. பக்கத்து ஆந்திராவில் 2020-ல் அது நடந்தது.

மூன்று தலைநகர் மசோதா. நிர்வாகத்துக்கு விசாகப்பட்டினம், சட்டமன்றத்துக்கு அமராவதி, உயர் நீதிமன்றத்துக்கு கர்னூல். சட்டசபையில் 175-ல் 151 இடம் ஜெகன் கட்சிக்கு, எனவே ஜனவரி 20 அன்று சுலபமாக நிறைவேறியது. ஆனால் மேலவையில் தெலுங்கு தேசத்துக்குத்தான் பெரும்பான்மை. அங்கே தலைவர் மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். ஒரு வாரத்துக்குள், மேலவையையே கலைக்கச் சொல்லி சட்டசபை தீர்மானம் போட்டது!

இவ்வளவு கோபம் தேவையா? அரசியல் சட்டப் பிரிவு 197-ன்படி மேலவையால் மசோதாவைத் தாமதப்படுத்தத்தான் முடியும். முதல் முறை மூன்று மாதம், சட்டசபை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதம். அதற்கு மேல் இழுத்தால் நிறைவேறியதாகவே கணக்கு. அப்படித்தான் ஜூனில் மறுபடி நிறைவேற்றி, ஜூலை 31-ல் ஆளுநர் ஒப்புதலும் வாங்கினார்கள்.

தலைநகருக்காக 33 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தவர்கள் அமராவதி விவசாயிகள். கிடைத்த அந்த ஆறு மாதத்தில் அவர்களைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். கடைசியில் 2021 நவம்பரில் அரசே அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கியது. மேலவைக் கலைப்புத் தீர்மானத்தையும்தான்!

மேலவை செய்ததும் அரசியல்தான், மறுக்கவில்லை. ஆனால் காமர்ஸ் மாணவனாக ஒன்று கேட்கிறேன்: கேள்வி கேட்கிறார் என்று ஆடிட்டரைத் தூக்கிவிட்டால் கணக்கு சரியாகிவிடுமா?