மரக்கறி உண்பவன் மார்க்கத்தை விட்டவனா?

நம் சமுதாயத்துத் திருமணங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வலீமா விருந்துக்கு வரும் மாற்றுச் சமய நண்பர்களில் இறைச்சி உண்ணாதவர்களுக்கென்று தனி அடுப்பு மூட்டித் தனிப் பந்தி விரிப்பார்கள். பிறர் மனம் கோணக்கூடாது என்னும் பண்பிலே பிறந்த வழக்கம் அது. ஆனால் அந்தப் பந்தியில் தாடியும் தலைப்பாகையுமாக ஒரு மவ்லவி போய் அமர்ந்துவிட்டால்? பரிமாறுகிறவரின் கை நின்றுவிடுகிறது. "ஹஜ்ரத், பந்தி மாறி உட்கார்ந்துவிட்டீர்களே!" என்று பதறுகிறார்கள். மாறி உட்காரவில்லை, தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அந்தப் பதற்றம் ஐயமாக மாறிவிடுகிறது.

பல ஆண்டுகளாக இந்த ஐயத்துக்கு உரியவனாக இருந்து வருகிறேன். "நீங்கள் குடியிருப்பது வண்டலூரா, வடலூரா?" என்று கேலி செய்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். இராமலிங்க அடிகள் 1867-இல் தருமசாலை நிறுவிய ஊரையும் என் ஊரையும் ஓர் எழுத்தின் குறுக்கத்தில் இணைத்துவிட்ட அவருடைய தமிழை இரசிக்கிறேன். அதில் நஞ்சில்லை. ஆனால் அண்மையில் மார்க்க அறிவு உடையவராகத் தம்மை எண்ணிக்கொள்ளும் ஒருவர், பலர் முன்னிலையில், "இறைச்சியை ஒதுக்குகிறவனின் ஈமானில் ஏதோ ஓட்டை இருக்கிறது" என்று கூறினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நால்வர் தலையசைத்தார்கள். இக்கட்டுரை அவருக்காக அன்று, அந்த நால்வருக்காக.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழில் இறைச்சி கலவாத உணவுக்குச் 'சைவம்' என்று பெயர் வைத்துவிட்டோம். சிவநெறியின் பெயரைச் சோற்றுக்குச் சூட்டியது யார், எப்போது என்பதை மொழியறிஞர்கள் ஆராயட்டும். அதன் விளைவு, ஒரு முஸ்லிம் "நான் சைவம்" என்றால், "நான் மதம் மாறிவிட்டேன்" என்று காதில் விழுகிறது. இலங்கைத் தமிழர் 'மரக்கறி' என்கிறார்கள். எவ்வளவு நேர்மையான சொல்! மரத்திலும் கொடியிலும் விளைந்த கறி. அரபியர் 'நபாத்தீ' என்பதும் அதே பொருளில்தான். பெயரை மாற்றிச் சொன்னாலே பாதி வழக்கு தள்ளுபடியாகிவிடும்.

மீதிப் பாதிக்கு வருவோம். இறைச்சி உண்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அதில் ஐயம் கொள்பவன் திருக்குர்ஆனைத் திறந்தே பார்க்காதவன். ஆனால் அனுமதி வேறு, கட்டளை வேறு என்பது மதரஸாவின் முதல் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்த பாடம். ஃபர்ளு, வாஜிப், சுன்னத், முபாஹ் என்று படித்தரம் பிரித்து வைத்த இமாம்கள் எவரும் இறைச்சி உண்பதை ஃபர்ளின் பட்டியலில் சேர்க்கவில்லை. அது முபாஹ். உண்டாலும் குற்றமில்லை, உண்ணாவிட்டாலும் குற்றமில்லை.

உடனே அல்மாஇதா அத்தியாயத்தின் 87-ஆவது வசனத்தை நீட்டுவார்கள். இறைவன் ஆகுமாக்கிய தூயவற்றை உங்கள்மீது நீங்களே விலக்கிக்கொள்ளாதீர்கள் என்னும் கருத்துடைய வசனம் அது. நல்லது. அது இறங்கிய சூழலையும் சேர்த்தே ஓத வேண்டாமா? நபித்தோழர் சிலர் இறைச்சியையும் இல்லறத்தையும் உறக்கத்தையும் துறப்பதே இறைநெருக்கம் எனக் கருதித் தம்மைத் தாமே கட்டிக்கொள்ள முனைந்தபோது வந்த தடை அது என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எதையும் ஹராம் ஆக்கவில்லை. நேர்ச்சை செய்யவில்லை. இறைச்சி உண்ணாததால் எனக்கு ஒரு நன்மை எழுதப்படும் என்று எண்ணவுமில்லை. உண்ண விரும்பவில்லை, அவ்வளவே.

அப்படி விரும்பாமலிருக்க உரிமை உண்டா? புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான உடும்புச் செய்தியை இவர்கள் ஏன் மறந்தார்கள்? அண்ணலார் (ஸல்) முன்னே சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. அது இன்னதென்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) கேட்டார்கள். ஹராமில்லை, தம் ஊரில் இல்லாத பிராணி, மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் விடை வந்தது. காலித் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள்; அண்ணலார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே விரிப்பில் உண்டவரும் உண்ணாதவரும்! உண்ணாதவர் உண்டவரைத் தடுக்கவில்லை. உண்டவர் உண்ணாதவரை ஐயுறவுமில்லை. இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேறு வேண்டுமோ?

இனி என் காரணத்துக்கு வருகிறேன். அது நூலிலிருந்து வந்ததன்று, கையிலிருந்து வந்தது. மதரஸாவில் பட்டம் பெற்று வெளிவந்த புதிதில், 1990-களில், தாம்பரத்தை அடுத்த ஒரு கோழிக்கடையில் அதிகாலைகளில் அறுத்துக் கொடுத்திருக்கிறேன். மதரஸா ஊதியம் எவ்வளவென்று இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வார நாள்களில் வேலை கொஞ்சந்தான். ஞாயிறும் தீபாவளியும் வந்தால் கூண்டுகள் வண்டி வண்டியாக இறங்கும். ஒவ்வொரு கோழிக்கும் பிஸ்மில்லாஹ். ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு வீச்சு. அறுத்த உடலைப் பீப்பாயில் போட்டதும் அடுத்தது கையில் வந்துவிடும். முதல் பத்துக் கோழிவரை இறைவனின் பெயர் நெஞ்சிலிருந்து வந்தது. ஐம்பதைத் தாண்டியபோது அது நாக்கில் மட்டும் இருந்தது. நூற்றுக்குப் பிறகு நாக்கிலும் முழுமையாக இல்லை. கத்தியின் ஓசையோடு சேர்ந்த ஓர் ஓசையாகிவிட்டது.

ஷாஃபிஈ மத்ஹபில் அறுக்கும்போது பெயர் சொல்வது சுன்னத்து. ஹனஃபீ மத்ஹபில் வேண்டுமென்றே விட்டால் அந்த இறைச்சி ஆகாது. அந்தச் சட்டப் பேச்சு இங்கு வேண்டாம். நான் அறுத்தவை ஹலால்தான். என் கேள்வி வேறு. ஓர் உயிரை எடுக்கும்போது படைத்தவனின் பெயரைச் சொல்லச் சொன்னது எதற்காக? இது உன் உடைமையன்று, அவனுடைய அனுமதியால் எடுக்கிறாய் என்று கையை நடுங்க வைப்பதற்காக. அந்த நடுக்கம் போன பிறகு மிஞ்சுவது தொழில்.

அதே கடையில் கூண்டுகள் எங்கே இருந்தன? மேடைக்கு நேர் எதிரே. எல்லாச் செயலிலும் அழகைக் கடைப்பிடிக்க வேண்டும். கத்தியைக் கூராக்கி, அறுபடும் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்முன்னே கத்தி தீட்டியவரை, அதை இருமுறை கொல்லப் போகிறாயா என்று கேட்டுக் கண்டித்த செய்தியும் உண்டு. எந்தக் கோழிக்கடையில் இது பேணப்படுகிறது? காலையில் கூடுவாஞ்சேரியிலிருந்து பெருங்களத்தூர்வரை நெடுஞ்சாலையோரம் நடந்து பாருங்கள். சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கும் கோழிகளைக் காண்பீர்கள். கடைப் பலகையில் 'ஹலால்' என்ற சொல் மட்டும் பச்சை எழுத்தில் பளபளக்கும்.

அறுப்புக்கு முந்திய வாழ்க்கை இன்னும் கொடிது. நாமக்கல் வட்டாரம் முட்டைக்கும் பல்லடம் வட்டாரம் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றவை. கறிக்கோழி ஏறத்தாழ நாற்பது நாளில் இரண்டு கிலோ எடையை எட்டும்படி இனம் பிரிக்கப்பட்டது. தன் உடலைத் தன் கால்களால் தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடும் கோழிகளை வளர்ப்போரே அறிவர். முட்டைக்கோழியின் கம்பிக்கூட்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நாம் எழுதும் ஒரு ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. இறக்கையை விரிக்க வழியில்லை. மண்ணைக் கிளற மண்ணே இல்லை. முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவற்குஞ்சுகளோ பொரித்த நாளிலேயே அழிக்கப்படுகின்றன; அவற்றால் இலாபமில்லையாம். ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல் வெளியே விடவும் செய்யாத பெண் நரகம் புகுந்தாள் என்ற நபிமொழியை வெள்ளிக்கிழமை மேடையில் உருக்கமாகச் சொல்கிறோமே, அந்தப் பூனைக்கு இருந்த இடத்தைக் கணக்கிட்டோமா? இங்கிலாந்தின் வோக்கிங் நகரப் பள்ளிவாசலில் இமாமாக இருந்த அல்ஹாஃபிழ் மஸ்ரி 1989-இலேயே இஸ்லாத்தில் விலங்குகளின் நிலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி, இத்தகைய ஆலைப்பண்ணைகளை மார்க்கத்தின் அளவுகோலால் அளந்து கேள்வி கேட்டார். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி இன்னும் மேடை ஏறவில்லை.

ஆகவே நான் கோழியை விட்டேன். பின்பு ஆட்டையும் மீனையும் முட்டையையும் விட்டேன். பால் அருந்துகிறேன். "அதையும் விட வேண்டியதுதானே?" என்று கேட்போர் பெரும்பாலும் எதையும் விடாதவர்களாகவே இருப்பது வியப்பு.

வண்டலூர் விலங்கியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்று சிங்கத்தைக் காட்டி, "இது இறைச்சி தின்னவில்லையா?" என்று வாதிட்டவரும் உண்டு. சிங்கம் முகல்லஃப் அன்று. அதற்குக் கேள்வி கணக்குக் கிடையாது. நமக்கு உண்டு.

இது நம் வரலாற்றில் இல்லாத புதுமை என்பாருக்குச் சில பெயர்களைச் சொல்கிறேன். அஜ்மீர் குவாஜா முயீனுத்தீன் சிஷ்தி அவர்களின் சீடரும் 1274-இல் மறைந்தவருமான ஹமீதுத்தீன் நாகௌரி, சிறு நிலம் உழுது வாழ்ந்தார், இறைச்சி உண்ணவில்லை. (நாகௌர் இராஜஸ்தானத்து ஊர். நம் நாகூர் என்று மயங்க வேண்டா.) அவரைச் சிஷ்திய்யாப் பெரியோர் எவரும் மார்க்கத்தை விட்டவர் என்னவில்லை. இலங்கையிலிருந்து 1971-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சென்று 1986-இல் அங்கேயே மறைந்த பாவா முஹையத்தீன் தமிழிலேயே பேசினார், தம்மைச் சூழ்ந்தவர்களுக்குத் தாமே மரக்கறி சமைத்துப் போட்டார், பள்ளிவாசலும் எழுப்பினார். இன்னும் அருகில் வாருங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த இராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம் மரக்கறி உண்டே குடியரசுத் தலைவர் மாளிகைவரை சென்றார். அவரை மட்டும் நம்மவர் என்று மார்தட்டுகிறோம். குடியரசுத் தலைவருக்குப் பொருந்துவது குர்ஆன் ஓதிக்கொடுப்பவனுக்குப் பொருந்தாதோ?

உமர் (ரலி) அவர்கள் இறைச்சிக்கும் மதுவைப் போன்ற ஒரு பழக்க வெறி உண்டென்று எச்சரித்ததை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்திருக்கிறார்கள். அண்ணலாரின் இல்லத்தில் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டப்படாமல் பேரீச்சம்பழமும் நீருமே உணவாயிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். அந்த மார்க்கத்தை நாம் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்? 'பாய் வீட்டுப் பிரியாணி' என்பதே நம் முகவரி ஆகிவிட்டது. ஊரார் அப்படிச் சொல்வது அன்பினால் இருக்கலாம். நாமும் அதையே மகுடமாகச் சூடிக்கொள்வது என்ன அறிவு? கடன் வாங்கி வலீமாவுக்கு ஆடு அறுத்துவிட்டு, வட்டிக்காரனுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய தகப்பனை நான் அறிவேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு வேறொரு கூட்டம் என்னை வரவேற்கக் கைகளை விரிக்கும். அந்தக் கைகளில் நான் விழப்போவதில்லை. 2015 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்துத் தாத்ரியில், வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்ற வதந்தியின் பேரில் ஒரு குடும்பத் தலைவரை அடித்தே கொன்றார்கள். கோழியின் வலிக்கு இரங்குகிறவன் இந்த வலியைக் காணாமல் போவானா? 2017 மே மாதத்தில் மாட்டுச் சந்தைகளில் இறைச்சிக்காக விற்பதைத் தடுத்து மத்திய அரசு விதி வகுத்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மாதம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நம் மாநிலத்திலும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதை 2003-இல் தடுத்தார்கள். மக்கள் சினம் கண்டு 2004-இல் அச்சட்டத்தையே நீக்கினார்கள். அடிபட்டவர்கள் முஸ்லிம்களல்லர், குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டும் எளிய கிராமத்து மக்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் இறைச்சியோ மீனோ உண்கிறவர்கள். இவர்கள் அனைவரையும் தாழ்ந்தவர்களாகப் பார்க்கும் ஒரு கண் இருக்கிறதே, அந்தக் கண்ணுக்கு உயிரிரக்கம் என்று பெயர் வைக்க நான் ஒப்பேன்.

வண்டலூருக்குக் குடிவருமுன் தாம்பரம் பக்கம் வாடகை வீடு தேடினேன். 'சைவ உணவினருக்கு மட்டும்' என்று வாயிலில் அட்டை தொங்கிய ஒரு வீட்டில், "நான் இறைச்சி உண்பதில்லை, வீட்டிலும் சமைக்க மாட்டோம்" என்றேன். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார், சொன்னேன். "சொந்தக்காரர் ஒருவர் வருவதாக இருக்கிறது" என்றார். அடுத்த மாதமும் அட்டை அங்கேயே தொங்கிற்று. அந்த அட்டையில் எழுதியிருந்தது உணவைப் பற்றி அன்று என்பதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

என் மனைவி மக்கள் இறைச்சி உண்பவர்கள். இப்போதைய வீட்டில் ஞாயிறுதோறும் கறி வேகிறது. ஒரே விரிப்பில் அமர்ந்து அவர்கள் அதை உண்கிறார்கள், நான் சுரைக்காய்க் கூட்டு உண்கிறேன். (சுரைக்காய் அண்ணலார் தேடித் தேடி உண்ட காய் என்று அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அதற்கு ஏன் ஒருவரும் விருந்து வைப்பதில்லை?)

கடைசியாக எஞ்சியிருப்பது, "அப்படியானால் ஹஜ்ஜுப் பெருநாளில் என்ன செய்கிறீர்?" என்ற கேள்வி. உள்ஹிய்யா ஹனஃபீகளுக்கு வாஜிப். ஷாஃபிஈகளான எங்களுக்கு வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. அது கட்டாயம் என்று மக்கள் எண்ணிவிடக் கூடாதே என்பதற்காக அபூபக்ரும் உமரும் (ரலி) சில வேளை கொடுக்காமலே இருந்தார்கள் என்று பைஹகீயில் செய்தி இருக்கிறது. ஆயினும் நான் கொடுக்கிறேன். அது வணக்கம், என் நாவின் விருப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இறைவனை அடைவது இறைச்சியோ இரத்தமோ அன்று, உங்கள் இறையச்சமே என்ற கருத்தை அல்ஹஜ் அத்தியாயம் 37-ஆவது வசனத்தில் சொல்லியிருக்கிறது. ஆட்டை இரண்டு வாரம் முன்னதாகவே வாங்கி வீட்டுக் கொல்லையில் கட்டித் தழை போடுகிறேன். கத்தியை அறைக்குள் வைத்துத் தீட்டுகிறேன். வேறு ஆடு காணாத இடத்தில், அவசரமின்றி, நானே அறுக்கிறேன். அந்த ஒரு கழுத்தின்மீது கத்தி வைக்கும்போது என் கை நடுங்குகிறது. இறைச்சி முழுவதையும் வாங்கி உண்ண வசதியில்லாத வீடுகளுக்கு அனுப்பிவிடுகிறேன். தோலைப் பள்ளிவாசலில் வந்து பெற்றுக்கொள்கிறார்கள்.