எண்ணெய்க்குத் தக்க சீயக்காய்

கேள்வி: ''வரப்பில் முளைக்கும் கரிசலாங்கண்ணி, வீட்டுச் செம்பருத்தி, கறிவேப்பிலை எல்லாம் போட்டு எண்ணெய் காய்ச்சி, வாரம் இருமுறை தேய்க்கிறோம். மில்லில் அரைத்த சீயக்காய்த்தூள் போட்டுத்தான் குளிக்கிறோம். ஆனாலும் முடி நார் மாதிரி வறண்டு போகிறது. குழந்தை பெற்று நான்கு மாதமான மகளுக்குக் கொத்துக்கொத்தாக உதிர்கிறது. காய்ச்சிய எண்ணெயும் ஒரே மாதத்தில் காறல் வாடை அடிக்கிறது. எதை எதோடு, எவ்வளவு சேர்க்க வேண்டும்?''
- வாசகி, ஒட்டன்சத்திரம்.

பதில்: முதலில் மகளின் விஷயம். பிரசவமாகி 2 முதல் 4 மாதங்களில் முடி உதிர்வது பெரும்பாலான தாய்மார்களுக்கு வரக்கூடியதுதான். கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் மொத்தமாகக் கொட்டுகிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்து போன இரண்டு, மூன்று மாதத்திலும் இப்படி உதிர்வதுண்டு. இதை எந்த எண்ணெயாலும் நிறுத்த முடியாது. ஆனால், ரத்தசோகை இருந்தால் உதிர்வது நீடிக்கும். எனவே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள்களுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. உடல் அசதி, திடீர் எடை மாற்றம் இருந்தால் தைராய்டு பரிசோதனையும் தேவை.

எண்ணெய் குறைந்தால் தூளும் குறையும்

மற்றவர்களுக்கு முடி வறண்டு போவதற்கு எண்ணெய் போதாதது காரணமாக இருக்காது. பல வீடுகளில் தலை சொட்டச் சொட்ட எண்ணெய் வைக்கிறார்கள். அந்தப் பிசுக்கு போக இரண்டு, மூன்று கைப்பிடி சீயக்காய் போட்டுக் கசக்குகிறார்கள். சீயக்காயில் உள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள், வைத்த எண்ணெயோடு முடியில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது. எண்ணெயின் வேலை முடியைக் காப்பது. தூளின் வேலை அழுக்கை எடுப்பது. முன்னதைக் குறைத்தால் பின்னதும் தானாகக் குறையும்.

தோள் அளவு முடிக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி தூள் போதும். இடுப்பு வரை முடி இருந்தால் இரண்டையும் இரட்டிப்பாக்கலாம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். இது முடியின் உள்ளே இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். அதனால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்தாலே பலன் உண்டு. விளக்கெண்ணெய் கெட்டியானது. தனியாகத் தேய்த்தால் சிக்கு விழும். போக்கவும் தூள் அதிகம் பிடிக்கும். நான்கு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு சேர்த்தால் போதும்.

காறல் எதனால்?

ஈரம்தான் காரணம். கொப்பரையில் ஈரப்பதம் 6 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால், ஆட்டிய எண்ணெய் சீக்கிரம் காறும். இலையின் ஈரமும் எண்ணெயில் தங்கக் கூடாது. கழுவிய இலைகளை நிழலில் உலர்த்தி, அரை லிட்டர் எண்ணெய்க்கு இரண்டு கைப்பிடி கரிசலாங்கண்ணி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, பத்து செம்பருத்தி இலை, ஒரு தேக்கரண்டி வெந்தயம் போட்டு, சிறு தீயில் காய்ச்சுங்கள். சடசடப்பு அடங்கி, இலை மொறுமொறுப்பானதும் இறக்கிவிடலாம். புகையவிடக் கூடாது. பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால், வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆறவைத்து, வடிகட்டி, நன்கு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் வைக்கவும். ஒன்றிரண்டு மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் காய்ச்சுவது நல்லது. களைக்கொல்லி அடித்த வயல் வரப்பில் கரிசலாங்கண்ணி பறிக்க வேண்டாம்.

தூள் கலவை

சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், காய்ந்த செம்பருத்திப் பூ 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம். எல்லாவற்றையும் நன்றாக வெயிலில் காயவைத்து, சீயக்காய்க்கென்று தனியாக உள்ள மெஷினில் அரைக்க வேண்டும். மிளகாய் அரைத்த மெஷினில் அரைத்தால் தலை எரியும். வெந்தயமும் செம்பருத்தியும் வழவழப்பைக் கொடுத்து, சீயக்காயின் வறட்சியை ஈடுகட்டும். ஏற்கெனவே வறண்ட முடிக்கு அரப்புத்தூள் பொருத்தமானது. பயிருக்குத் தெளிக்கும் அரப்பு மோர்க் கரைசலுக்கு எடுக்கும் அதே உசிலை இலைதான். அது சீயக்காயைவிட மென்மையானது. ஒரு வாரம் சீயக்காய், மறு வாரம் அரப்பு என்று மாற்றிக் கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் சோப்பு திரிந்து முடியில் வெள்ளையாக ஒட்டும். இந்தத் தூள்கள் அப்படித் திரிவதில்லை.

தூளை அப்படியே தலையில் கொட்டாமல், வெதுவெதுப்பான வடிகஞ்சியில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். எண்ணெய் வைத்த தலையைச் சிக்கெடுத்த பிறகு, அந்தச் சாற்றை மண்டையில் விரல் நுனியால் தேய்த்து அலசினால் போதும். நீள முடியைச் சுருட்டிக் கசக்க வேண்டாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடுமையாக எரியும்.

கவனிக்க வேண்டியவை

* பொடுகு இருந்தால் எண்ணெயை ஊறவிடக் கூடாது. பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி. இரண்டு, மூன்று வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்கவும்.

* மருதாணி இலை முடிக்குச் செம்பழுப்பு நிறம்தான் கொடுக்கும். சில நிமிடங்களில் கருப்பாக்கும் 'மூலிகைப் பொடி'யில் ரசாயனச் சாயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அரிப்பு, முகவீக்கம் வரலாம்.

* புதிய எண்ணெயோ, தூளோ எதுவானாலும் முழங்கை மடிப்பில் தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

* கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கைக்குழந்தையின் தலையிலோ, உடலிலோ தேய்க்கவே கூடாது. வலிப்பு வரும் ஆபத்து உண்டு. குழந்தைக்கு எதுவும் கலக்காத தேங்காய் எண்ணெயே போதும்.

* வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ, மண்டையில் சீழ், புண் இருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.