கொரில்லா நம் பாட்டன் அல்ல

‘மனிதன் கொரில்லாவிலிருந்து வந்தான் என்றால், கொரில்லா ஏன் இன்னும் காட்டில் இருக்கிறது?’ மேடையில் இதைக் கேட்டால் கைதட்டல் நிச்சயம். ஆனால் யாரும் சொல்லாத ஒன்றை மறுப்பதற்குக் கிடைக்கும் கைதட்டல் அது. இன்றுள்ள எந்த வாலில்லாக் குரங்கையும் நம் மூதாதை என்று எண்ணிவிடக் கூடாது என டார்வினே 1871இல் எச்சரித்துவிட்டார். சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் பொது மூதாதையரிடமிருந்து இரு கிளைகள் பிரிந்தன. ஒன்றில் கொரில்லா, மற்றொன்றில் சிம்பன்சியும் நாமும். பங்காளி வீட்டுப் பிள்ளை உயிரோடு இருப்பதால் நம் பிறப்பு பொய்யாகிவிடுமா?

அடுத்தது குரோமோசோம் கணக்கு. கொரில்லாவுக்கு 48, நமக்கு 46; எனவே உறவே இல்லையாம். ஆனால் நம் இரண்டாம் குரோமோசோம், வாலில்லாக் குரங்குகளில் தனித்தனியாக உள்ள இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியதால் உருவானது. நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ வரிசை அதன் நடுப்பகுதியில் எதிரெதிராகக் கிடப்பதை 1991இலேயே கண்டறிந்துவிட்டார்கள். இந்த வாதம் அன்றே முடிந்திருக்க வேண்டும்.

‘கொரில்லாவும் சிம்பன்சியும் ஒரு கூட்டம், மனிதன் தனி’ என்பது கண் சொல்லும் கணக்கு. இரண்டும் விரல் முட்டியை ஊன்றி நடக்கின்றன, உண்மைதான். ஆனால் டிஎன்ஏவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், நமக்கும் சிம்பன்சிக்கும் வேறுபாடு சுமார் 1.37 சதவீதம், நமக்கும் கொரில்லாவுக்கும் 1.75. கொரில்லாவைவிடச் சிம்பன்சிக்கு நெருங்கிய உறவு நாம்தான்.

பரிணாமத்தை ஏற்கும் நம் தரப்பாரும் ஒன்றை விட்டொழிக்கலாம்: ‘நாம் 98 சதவீதம் கொரில்லா’ என்ற முழக்கம். அருகருகே வைத்து ஒப்பிடக்கூடிய பகுதிகளுக்கு மட்டுமே அந்த எண் பொருந்தும். விடுபட்டவை, நுழைந்தவை, பல படிகளாகப் பெருகியவை எதுவும் அதில் சேராது.

கடைசி வாதம்தான் சற்றுக் கூர்மையானது. கமிலா என்ற பெண் கொரில்லாவின் மரபணுத்தொகுதி 2012இல் வெளியானது. அதில் ஏறத்தாழ 30 சதவீதப் பகுதிகளில், மனிதனும் சிம்பன்சியும் ஒருவருக்கொருவர் மிக நெருக்கம் என்ற வரிசை குலைந்திருந்தது. சில இடங்களில் நாம் கொரில்லாவுக்கு நெருக்கம். வேறு சில இடங்களில் சிம்பன்சி கொரில்லாவுக்கு நெருக்கம். ‘பார்த்தீர்களா, பரிணாம மரமே பொய்!’ என்றார்கள் பரிணாமத்தை மறுப்பவர்கள்.

ஆனால் பொது மூதாதை என்பது ஒற்றை விலங்கல்ல, ஒரு பெருங்கூட்டம். ஒரே மரபணுவின் பல வடிவங்கள் அந்தக் கூட்டத்தில் உலவின. கொரில்லாவின் கிளை பிரிந்து, சில மில்லியன் ஆண்டுகளில் சிம்பன்சியும் நாமும் பிரிந்தோம். அந்த இடைவெளிக்குள் எல்லா வடிவங்களும் ஒன்றாகக் குறைந்துவிடவில்லை; எஞ்சியவை மூன்று கிளைகளிலும் தாறுமாறாகப் பங்கிடப்பட்டன. பெரிய கூட்டம், குறுகிய இடைவெளி என்றால் இப்படித்தான் நேரும் என்பது மக்கள்தொகை மரபியலின் கணக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள்: புரதத்துக்குக் குறியீடு தரும் மரபணுக்களைச் சுற்றி இந்தக் கலப்பு குறைவு. இயற்கைத் தேர்வு அங்கே வேறுபாடுகளை முன்னதாகவே களைந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். மரம் பொய் என்பவர்களிடம் இந்தக் குறைவுக்கு விளக்கம் இல்லை.