டயருக்குப் பூசும் கறுப்பு

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் போர்விமான மாதிரிகளைச் செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இந்தக் கலையில் தோய்ந்த தமிழ் அன்பர்கள் சிலரை நான் அறிவேன். 72இல் ஒரு பங்கு என்ற அளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுகின்றான். அந்த ஓரங்குல விமானியின் இருக்கைப் பட்டியையும், அவன் முன்னாலுள்ள மானிகளின் முட்களையும், இயந்திரப் புகை இறக்கையிற் படிந்த கறையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து ஒருவர் மாதக்கணக்கில் செய்கின்றார் என்றால், அதனைத் தவம் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு விமானத்தின் அடிப்பாகத்துக்குப் பூசப்பட்ட பச்சை எந்தப் பச்சை என்பதைப் பற்றி இவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிடுவார்கள். உள்ளதை உள்ளபடி காட்டவேண்டும் என்பதே இவர்களின் அறம்.

அந்த அறத்தை நான் மதிக்கின்றேன். மதிப்பதாலேயே அவர்களிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கின்றது. உங்கள் நுணுக்கம் ஏன் தகரத்தோடும் வர்ணத்தோடும் நின்றுவிடுகின்றது? சப்ரகமுவ மாகாணத்தின் இறப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவன் என்ற வகையில் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று கருதுகின்றேன்.

மாதிரி விமானம் செய்யப் பழகுகிறவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் ஒன்று, டயருக்குத் தூய கறுப்பைப் பூசலாகாது என்பது. புழுதி படிந்து தேய்ந்த டயர் அடர்ந்த சாம்பல் நிறமாகவே கண்ணுக்குத் தெரியும். ஆகவே கறுப்போடு சிறிது வெள்ளையும் சிறிது மண்ணிறமும் கலந்து பூசவேண்டும். நிறைந்த எடையோடு நிற்கும் விமானத்தின் டயர் அடியிற் சற்றுத் தட்டையாகும் என்பதால், சிலர் அந்தப் பகுதியை அரத்தால் தேய்த்துவிடுவார்கள். அவ்வாறு தட்டையாக வார்த்த சக்கரங்களைத் தனியாக விற்கும் நிறுவனங்களும் உண்டு. இத்தனை கவனம் அந்தச் சிறு வட்டத்துக்குக் கிடைக்கின்றது. ஆனால், அந்த டயர் எதனாற் செய்யப்பட்டது, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எந்தப் பெட்டியின் செய்முறைத் தாளிலும் பதிலை நான் கண்டதில்லை.

டயரின் கறுப்பு, வலுவூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் கரித்தூளின் நிறம். இறப்பருக்கு அந்த நிறம் கிடையாது. மரத்திலிருந்து வடியும்போது அது பால்போல் வெண்மையானது. அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையிற் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்தி எடுக்கும்போது தேன் நிறம் பெறும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய என்று கேகாலை மாவட்டத்தின் மலைச்சரிவுகளிலும், இரத்தினபுரி மாவட்டத்தின் தாழ்ந்த குன்றுகளிலும் மூன்று நான்கு தலைமுறைகளாக எம்மவர் கண்ட நிறம் அதுதான்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு முன்னரே மலாயா ஜப்பானியர் வசமாகியிருந்தது. அடுத்த சில வாரங்களில் ஜாவாவும் போயிற்று. உலகின் இயற்கை இறப்பரில் மிகப் பெரும் பங்கைத் தந்த நிலங்கள் ஒரே வீச்சில் நேசநாடுகளின் கையைவிட்டு அகன்றன. எஞ்சியவற்றுள் பெரிய உற்பத்தி நிலம் இலங்கையே. அமெரிக்கா செயற்கை இறப்பரைப் பேரளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது உண்மை. ஆயினும் பாரம் தாங்கும் பெரிய டயர்களுக்கு அது மட்டும் போதாது. ஓடும்போது உண்டாகும் வெப்பத்தைத் தாங்குவதில் இயற்கை இறப்பருக்கு இணையில்லை. இன்றைக்கும் விமான டயர்களில் இயற்கை இறப்பரே பெரும்பங்கு வகிக்கின்றது.

டயரோடு கதை முடியவில்லை. போர்விமானத்தின் எரிபொருள் தாங்கியைச் சன்னம் துளைத்தால், எரிபொருள் கசிந்து விமானம் தீப்பற்றும். இதனைத் தடுப்பதற்காகத் தாங்கியைச் சுற்றி இறப்பர்ப் படைகளை வைத்தார்கள். பதப்படுத்தாத இறப்பர், பெற்றோல் பட்டவுடன் ஊதிப் பருத்துத் துளையைத் தானே அடைத்துவிடும். எத்தனையோ விமானிகள் உயிரோடு திரும்பியதற்கு இந்தப் படையே காரணம். மாதிரி செய்வோர் இதனைக் காட்ட முடியாது; அது இறக்கைக்குள் மறைந்திருக்கின்றது. எங்கள் மக்களின் உழைப்பும் அவ்வாறே மறைந்தது என்றால் அது வெறும் உவமை ஆகாது.

அந்தப் போர்க்காலத்தில் இலங்கை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன் இறப்பரை உற்பத்தி செய்தது. இதனை எவ்வாறு சாதித்தார்கள்? வழமையாக ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள், பட்டையின் பாதிச் சுற்றில் மட்டுமே வெட்டுவார்கள். மரம் காயம் ஆறி மீண்டும் பால் சுரக்க வேண்டும் அல்லவா? போர்க்காலத்திலோ, முதிர்ந்த மரங்களிற் பட்டை இருந்த இடமெல்லாம் கத்தி வைக்கப்பட்டது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, பால் வேண்டும் என்பது கட்டளை. ஆங்கிலத்தில் இதற்குக் கொலைவெட்டு என்று பொருள்படும் பெயரே இருந்தது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்துச் சுமந்து, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலையும் சுரண்டிக் கொடுத்தவர்கள் எம்மவர்கள். இதே டயரின் இன்னின்ன பகுதியில் இன்ன தோட்டத்துப் பால் இருந்தது என்று எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. ஆனால், 1942க்குப் பின்னர் வானில் ஏறிய நேசநாட்டு விமானங்களைப் பற்றிப் பேசும்போது இலங்கையின் இறப்பரை ஒதுக்கிவைத்துப் பேசவும் இயலாது.

இலங்கையின் பெயர் அந்த விமானங்களில் இல்லாமலில்லை. பிரித்தானிய வான்படையின் 102ஆம் படைப்பிரிவுக்கு 'சிலோன்' என்ற பெயர் சூட்டப்பட்டிருந்தது. போருக்கு இத்தீவு வழங்கிய நன்கொடையைப் போற்றுமுகமாக வைத்த பெயர் அது. யோர்க்‌ஷயரின் பொக்ளிங்டன் தளத்திலிருந்து ஹலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களில் அப்பிரிவினர் பறந்தார்கள். தமிழகத்து வாசகர்களுக்கும் ஒன்று சொல்கின்றேன்: 234ஆம், 264ஆம் படைப்பிரிவுகள் இதே முறையில் 'சென்னை மாகாணம்' என்ற பெயரைத் தாங்கின. ஹலிஃபாக்ஸின் மாதிரியை ஏர்ஃபிக்ஸ், ரெவெல் ஆகிய இரு நிறுவனங்களும் வெளியிட்டுள்ளன. 102ஆம் பிரிவின் 'டி-வை' என்ற எழுத்துக்களை அதில் ஒட்டும் அன்பர், சிலோன் என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த செல்வம் எது என்று ஒருகணம் நினைக்கவேண்டும். அன்றைய இலங்கையின் ஏற்றுமதி வருவாய் தேயிலை, இறப்பர், தென்னை என்ற மூன்றையே நம்பியிருந்தது. முதலிரண்டிலும் யார் உழைத்தார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

போர் முடிந்து ஓராண்டு செல்லுமுன் கிடைத்த கைம்மாறு என்ன? கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தை, மலையகத்தார் உருளவள்ளி என்று அழைத்த அந்தத் தோட்டத்தை, அயற்கிராமத்தவருக்குக் காணி வழங்குவதற்காக அரசாங்கம் சுவீகரித்தது. அங்கு தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளர்கள் லயங்களை விட்டு வெளியேறவேண்டும் என்று 1946இல் உத்தரவு பிறந்தது. காணியற்ற கிராமத்தவரின் தேவையும் நியாயமானதே; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஏழைக்குக் கொடுப்பதற்காக இன்னோர் ஏழையை வீதியில் விடுவது என்ன நியாயம்? தொழிலாளர்கள் வெளியேற மறுத்தார்கள். அவர்களுக்காக ஏனைய தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் வெடித்தது. தாம் குடியிருந்த அறைகளுக்குள்ளேயே அத்துமீறி நுழைந்தவர்கள் என்று அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களிற் பலர், கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் மறுபடியும் இறப்பர்த் தோட்டங்களிலேயே குடியேற்றப்பட்டார்கள். நாடு மாறியது, கையிலிருந்த பால்வெட்டுக் கத்தி மாறவில்லை.

சப்ரகமுவவின் மக்கள் போர்விமானத்துக்கு உழைத்தவர்கள் மட்டும் அல்லர். அதன் நிழலின் கீழும் இருந்தவர்கள். 1971 ஏப்ரல் 5ஆந் திகதி இரவு நாடெங்கும் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டபோது, கேகாலை மாவட்டம் கிளர்ச்சியின் முக்கிய களங்களுள் ஒன்றாயிற்று. கொழும்பின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய 1942 ஏப்ரல் 5க்குச் சரியாக 29 ஆண்டுகளின் பின்னர் இது நடந்தது. அன்றைய றோயல் சிலோன் விமானப்படை, பயிற்சிக்கென்று பிரித்தானியாவிடமிருந்து வாங்கியிருந்த ஜெட் புரோவோஸ்ட் விமானங்களைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. கிளர்ச்சியாளரின் ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதிலே தோட்டத் தமிழர்கள் ஐயத்துக்குரியவர்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள். ஒருபுறம் தம்மை அந்நியராகக் கண்ட கிளர்ச்சி, மறுபுறம் தமக்குக் குடியுரிமை மறுத்த அரசாங்கம். இவ்விரண்டுக்கும் நடுவே லயங்களில் இருந்தவர்கள் எம்மவர்கள்.

அந்த ஜெட் புரோவோஸ்ட் விமானத்துக்கும் இன்று 72இல் ஒரு பங்கு அளவில் நேர்த்தியான பெட்டி கிடைக்கின்றது. பெட்டியில் வருவது பிரித்தானியப் பயிற்சி விமானம். இலங்கை வாங்கிய ஆயுதம் பூண்ட வகையாக அதனை மாற்ற விரும்புகிறவர், இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இடம் செய்யவேண்டும். செய்யட்டும், நான் குறை சொல்லவில்லை. அந்தத் துப்பாக்கி கீழ்நோக்கித் திரும்பிய திசையில் கிராமங்களும் லயங்களும் இருந்தன என்பதையும் அவர் அறிந்து செய்யட்டும் என்பதே என் வேண்டுகோள்.

பொழுதுபோக்கில் எதற்கு இத்தனை சுமை என்று சிலர் கேட்கக்கூடும். வடக்கிலிருந்து புலம்பெயர்ந்த நண்பர் ஒருவர் ஒருமுறை வேறொன்று சொன்னார். தாம் பொம்பருக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் வளர்ந்ததாகவும், தம் மகன் அதே போர்விமானத்தை மேசைமேல் வைத்து அழகு பார்ப்பதைச் சகிக்க முடியவில்லை என்றும் வருந்தினார். மகனின் கையிலிருந்து அதைப் பறிக்கவேண்டாம் என்றே நான் சொன்னேன். பறித்தால் அவனுக்கு மிஞ்சுவது தந்தையின் கோபம் மட்டுமே. அருகில் அமர்ந்து, அந்த விமானத்தின் கீழ் இருந்தவர்களின் கதையைச் சொல்லிக் கொடுத்தால், அவன் செய்யும் மாதிரி உண்மைக்கு இன்னும் ஒருபடி நெருங்கும்.

வியப்பான செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும. ஏர்ஃபிக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் பிளாஸ்டிக் விமானமே நினைவுக்கு வரும். ஆனால், ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் அந்நிறுவனத்தைத் தொடங்கியபோது, அது செய்து விற்றது காற்றடைத்த இறப்பர் விளையாட்டுப் பொருட்களை. பிளாஸ்டிக் சீப்புகளும், உழவு இயந்திர மாதிரியும், கப்பலும், விமானங்களும் அதன் பின்னரே வந்தன. போர்விமானத்தின் வரலாற்றில் மட்டுமன்றி, அதன் மாதிரியைச் செய்யும் தொழிலின் வரலாற்றிலும் தொடக்கத்தில் இறப்பரே இருக்கின்றது.

ஆகவே, ஓர் எளிய வழக்கத்தைத் தொடங்குவோம் என்று வாசக அன்பர்களை வேண்டுகின்றேன். செய்து முடித்த விமானத்தின் அடியில், அதன் பெயரையும் படைப்பிரிவையும் எழுதி ஒரு சிறு அட்டை வைப்பது உங்கள் வழக்கம். அந்த அட்டையில் இன்னும் இரண்டு வரிகளைச் சேருங்கள். அதற்கான மூலப்பொருள் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பது ஒன்று. அது யாருடைய தலைக்குமேல் பறந்தது என்பது மற்றொன்று. எட்டியாந்தோட்டையிலோ காவத்தையிலோ உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு ஒரு பெட்டியை வாங்கிக் கொடுக்க வசதியுள்ளவர்கள் கொடுங்கள். அங்குள்ள பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்கின்றது, கைத்திறனும் இருக்கின்றது. இறக்கையை ஒட்டுவதற்கு வேண்டுமானால் அவர்களுக்குச் செய்முறைத் தாள் தேவைப்படலாம். டயருக்கு நிறம் கலக்கும்போது, தங்கள் பாட்டனும் பாட்டியும் அந்தக் கதையில் எங்கே நின்றார்கள் என்பதைப் பெரியவர்கள் எவராவது அவர்களுக்கு எடுத்துச் சொன்னாற் போதும்.