பட்டியலுக்கு வெளியே ஒரு வீடு

ரேஷன் அரிசியை ஏன் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் அடிக்கடி எழுகிறது. உணவு மானியத்துக்கு மாநில அரசு ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிடும்போது அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் யார் ஏழை என்பதை எந்தத் தேதியில், யார் எழுதி வைப்பது? அங்கேதான் இந்த யோசனை இடறுகிறது.

1997-இல் மத்திய அரசு மக்களை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம் பேருக்குத்தான் என்று வரம்பு கட்டியது. 2016 நவம்பரில் அதில் சேர்ந்த பிறகும், பட்டியலில் வராத அரிசி அட்டைகளுக்குத் தன் செலவில் அரிசி தருவதை மாநிலம் நிறுத்தவில்லை. அந்தப் பிடிவாதம் சரி என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. சுமார் 81 கோடிப் பேர் என்ற அதன் உச்சவரம்பு 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, வரம்பும் நகரவில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தவர்களில் சுமார் 8 கோடிப் பேர் அந்தப் பட்டியலில் இல்லை என்று தெரிந்து, அவர்களுக்கு அட்டை கொடுக்கும்படி 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

பட்டியலை ஒரு நாளில் எழுதி முடிக்கலாம். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த கொத்தனாரின் வீட்டில், கணக்கெடுக்க வந்த அன்று டிவியும் பைக்கும் இருந்திருக்கும். மூன்று மாதத்தில் நகை அடகுக்குப் போய், பைக்கும் கைமாறியிருக்கும். தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்த மனு நகரும்வரை அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? இன்று அந்த வீட்டு அம்மா பையை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார், கைரேகை வைக்கிறார், புழுங்கல் அரிசியோடு திரும்புகிறார். தான் ஏழை என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை.

வசதியானவர்களும் வாங்குகிறார்களே என்றால், அரிசி வேண்டாதவர்களுக்குச் சர்க்கரை அட்டையும் பொருளில்லா அட்டையும் இங்கே உண்டு. இதைவிட வலுவான ஆட்சேபம் கடத்தல். வாங்காத அட்டைக்கு பில் போடுவதும், மூட்டைகள் எல்லை தாண்டுவதும், ரேஷன் அரிசி கோழித் தீவனமாவதும் உண்மை. ஆனால் அது கிடங்கிலும் லாரியிலும் கடைப் பதிவேட்டிலும் பிடிக்க வேண்டிய குற்றம். அட்டைகளை வெட்டினால் நிற்காது. வறுமைக்கோட்டுப் பிரிப்புக்குப் பின் திட்டக் குழு 2005-இல் வெளியிட்ட மதிப்பீடே, மானிய தானியத்தில் பாதிக்கு மேல் ஏழைக் குடும்பங்களை எட்டவில்லை என்றது.

செலவுதான் உண்மையான கவலை என்றால் அதற்கு வழி இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு முடியும்வரை காத்திராமல், இன்றைய மக்கள்தொகை மதிப்பீட்டை வைத்து மத்திய அரசு உச்சவரம்பை உயர்த்தட்டும். மாநிலம் தனியே சுமக்கும் அரிசியில் ஒரு பகுதி அப்போது மத்தியத் தொகுப்பிலிருந்தே வந்துவிடும்.